மதிப்பெண் சரியில்லை என்று தோன்றினால்: மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2019 ஏப்ரலில் தெலங்கானாவில் இன்டர்மீடியட் (நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) தேர்வு முடிவுகள் வந்தபோது, ஒரு மாணவிக்குத் தெலுங்குப் பாடத்தில் சுழியம் விழுந்திருந்தது. தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். அவர் எடுத்திருந்தது 99. அந்த ஆண்டு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தவறியிருந்தார்கள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, தவறியவர்கள் எல்லோருடைய தாளையும் கட்டணம் வாங்காமல் சரிபார்க்க அரசு உத்தரவிட்டது. அதில் 1,137 பேர் தேர்ச்சி பெற்றவர்கள் என்று தெரியவந்தது. அதற்குள் பல பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதிப்பெண் போடுவதில் தவறு நடக்கும். பெரிய தேர்விலும் நடக்கும், வகுப்பில் வைக்கும் மாதத் தேர்விலும் நடக்கும். அப்படி நடந்தால் யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது என்று நம் வீடுகளில் பலருக்கும் தெரிவதில்லை. "விடு, அடுத்த தேர்வில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அடங்கிப் போகிறார்கள், இல்லாவிட்டால் நேராகப் பள்ளிக்குப் போய்ச் சத்தம் போடுகிறார்கள். இரண்டுமே பிள்ளைக்கு உதவாது. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: ஆசிரியரின் மனதில் என்ன இருக்கிறது என்று ஆராயாதீர்கள், தாளைக் கையில் வாங்குங்கள். மனதை நிரூபிக்க யாராலும் முடியாது. தாளில் இருப்பதைக் காட்ட முடியும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: தவறு எங்கிருந்து வருகிறது

1913இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே வடிவியல் விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட கணித ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். 100க்கு 30க்கும் கீழே போட்டவரும் இருந்தார், 90க்கு மேல் போட்டவரும் இருந்தார். கணக்கிலேயே இப்படி என்றால், தமிழ்க் கட்டுரைக்கும் வரலாற்று நெடுவினாவுக்கும் என்ன சொல்வது? விடைக்குறிப்பும் படிப்படியான மதிப்பெண் பங்கீடும் இல்லாமல் திருத்தினால், எவ்வளவு நேர்மையான ஆசிரியராக இருந்தாலும் இந்த ஏற்ற இறக்கம் வரத்தான் செய்யும்.

நம் நாட்டிலேயே நடந்த இன்னொரு ஆய்வு மனதைச் சுடுகிறது. ரீமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்தியாவில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, விடைத்தாள் முகப்பில் குலுக்கல் முறையில் ஏதோ ஒரு சாதியை எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாளை எழுதிய பிள்ளைக்கும் முகப்பில் இருந்த சாதிக்கும் சம்பந்தமே கிடையாது. ஒடுக்கப்பட்ட சாதி என்று எழுதப்பட்ட தாள்களுக்குக் குறைவாக விழுந்தது. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் இருந்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது, கட்டின் தொடக்கத்தில் திருத்திய தாள்களில் இந்தப் பாகுபாடு கூடுதலாக இருந்தது என்பது. எதற்கு எவ்வளவு போடுவது என்ற அளவுகோல் கையில் நிலைப்படுவதற்கு முன்னால், முகப்பில் இருக்கும் அடையாளம் புகுந்துவிடுகிறது.

பொதுத் தேர்வில் பதிவெண்ணுக்குப் பதிலாக டம்மி எண் என்ற மாற்று எண்ணைப் போட்டுப் பெயரை மறைப்பது இதற்காகத்தான். பள்ளிக்குள் நடக்கும் தேர்வில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே ஆசிரியருக்குக் கையெழுத்தே முகம் மாதிரி தெரியும்.

ஆகவே "அநியாயம்" என்று ஒரே சொல்லில் அடக்காமல், நடந்தது எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டலில் தவறு, திருத்தாமல் விட்ட பக்கம் என்றால் அது கவனக்குறைவு. சரியான விடைக்குப் பாதி மதிப்பெண் என்றால் அது மதிப்பீட்டுத் தகராறு. தாள் சரியாக இருந்து, பள்ளியோ கல்லூரியோ தானே போடும் அகமதிப்பீடு (இன்டர்னல்) மட்டும் குறைந்தால் வேறு கதை. டியூஷனுக்கு வராததால், கேள்வி கேட்டதால், சாதியால், மதத்தால், பெண் என்பதால் குறைக்கிறார்கள் என்றால் அது பழிவாங்கலோ பாகுபாடோ. ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு. கவனக்குறைவைப் பாகுபாடு என்று சொல்லிப் போனால், பத்து நிமிடத்தில் திருத்தியிருக்கக்கூடியதையும் திருத்த மாட்டார்கள்.

முதல் படி: பிள்ளை சொல்வதைக் கேளுங்கள், உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள்

"நீ ஒழுங்கா எழுதியிருந்தா ஏன் குறையப் போகுது?" நம் வீடுகளில் முதலில் வரும் வாக்கியம் இது. அநியாயமாக மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு இது இரண்டாவது அடி. அதன் பிறகு அந்தப் பிள்ளை வீட்டில் எதையும் சொல்லாது. மதிப்பெண் போனது ஒரு பாடத்தில், நம்பிக்கை போவது எல்லாப் பாடத்திலும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிட்டால், பிள்ளை வகுப்பில் கை தூக்குவதை நிறுத்தும், அந்தப் பாடத்தின் வீட்டுப்பாடம் தள்ளிப்போகும், அப்புறம் அந்தப் பீரியடு வரும் நாளில் வயிற்றுவலி வரும். ஆறு மாதம் கழித்து அந்தப் பாடத்தில் பிள்ளை உண்மையிலேயே பின்தங்கியிருக்கும். முதலில் பொய்யாக விழுந்த மதிப்பெண் அப்போது உண்மையாகிவிடும். அநியாய மதிப்பெண்ணின் ஆகப் பெரிய சேதம் இதுதான் என்பது என் எண்ணம்.

அதனால் முதல் நாளில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எந்தக் கேள்வி, என்ன எழுதினாய், எவ்வளவு வரும் என்று நினைத்தாய். நம்புகிறேன் என்று சொல்லுங்கள், தாளைப் பார்ப்போம் என்றும் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: தாளைச் சிவப்பு மையோடு சேர்த்துப் படியுங்கள்

பள்ளித் தேர்வுத் தாளை வீட்டுக்குக் கொடுத்துப் பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்வது இன்னும் பல பள்ளிகளில் உண்டு. கையெழுத்துப் போடும் முன் எல்லாப் பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். தாள் திரும்பிப் போனபின் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

சரிபார்ப்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் விடையின் தரத்தைப் பார்க்காதீர்கள், எண்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு விடைக்கும் ஓரத்தில் மதிப்பெண் விழுந்திருக்கிறதா? டிக் மட்டும் இருந்து எண் இல்லாமல் இருக்கிறதா? ஓரத்தில் இருக்கும் எண்ணும் முகப்புக் கட்டத்தில் ஏறியிருக்கும் எண்ணும் ஒன்றா? ஓரத்தில் 4 என்று போட்டது முகப்பில் 1 என்று ஏறுவது சகஜம், அவசரமாக எழுதிய 4 பார்ப்பதற்கு 1 மாதிரியே இருக்கும். கூடுதல் தாளைக் கடைசிப் பக்கம் வரை புரட்டியிருக்கிறார்களா? ஒரு கேள்விக்கான விடையை ஒரு பக்கத்தில் தொடங்கி, இடையில் வேறு கேள்வி எழுதி, பின்னால் தொடர்ந்திருந்தால் அந்தப் பின்பாதி விடுபட வாய்ப்பு அதிகம். கேள்வி எண்ணை மாற்றி எழுதியிருந்தாலும் சிக்கல்தான், அதில் தவறு பிள்ளையுடையது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு விடைகளுக்கு வாருங்கள். பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். கணக்கு என்றால் எந்தப் படி வரை சரி, எங்கே சறுக்கியது என்று பென்சிலால் தனித் தாளில் குறியுங்கள். தாளின் மேல் எதுவும் எழுதக் கூடாது, பிறகு நீங்களே சேர்த்து எழுதியதாகச் சொல்லிவிடுவார்கள். நன்றாக எழுதிய வகுப்புத் தோழனின் தாளை வைத்துப் பார்க்கலாம், ஆனால் அவனுக்குக் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்று புகார் செய்யாதீர்கள். அது அவனுக்கும் உங்களுக்கும் வீண் வம்பு.

இப்படிப் பார்த்துவிட்டு, சில நேரம் மதிப்பெண் சரிதான் என்று தெரியவரும். அப்படித் தெரிந்தால் அதைப் பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆசிரியரிடம் கேட்பது

முடிந்தவரை மாணவரே கேட்கட்டும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் வேண்டாம், இடைவேளையிலோ பள்ளி விட்ட பிறகோ ஆசிரியர் அறைக்குப் போய்க் கேட்கலாம். "சார், எனக்கு ஏன் கம்மியா போட்டீங்க?" என்று கேட்டால், கேட்பவரின் தொனியிலேயே பேச்சு முடிந்துவிடும். "சார், 34ஆவது கணக்குல மூணாவது படி வரைக்கும் சரியா வந்திருக்கு, கடைசி வரியில மட்டும் கூட்டல் தப்பு. படிகளுக்கு மார்க் உண்டா சார்?" என்று கேட்டால் அவர் தாளை வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும். கேள்வி எண், பக்கம், எதிர்பார்த்தது, கிடைத்தது. இந்த நான்கும் இருந்தால் போதும்.

கையில் எழுபது எண்பது தாள், இடையில் அலுவலகப் பதிவேற்ற வேலை, வீட்டுக்குக் கொண்டுபோய் இரவில் திருத்துகிற நிலை. பல ஆசிரியர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள். தவறைக் காட்டினால் "குடுப்பா, பாக்கறேன்" என்று வாங்கித் திருத்திக் கொடுப்பவர்களே அதிகம். அவர்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் மேலே போவது நியாயமில்லை.

"கேட்டால் இன்டர்னலில் கை வைத்துவிடுவார்" என்ற பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். பயம் இருந்தால் தனியாகப் போகாதீர்கள். அதே கேள்வியில் இன்னும் சிலருக்கும் குறைந்திருக்கிறதா என்று விசாரித்து, மூன்று நான்கு பேராகப் போய் "விடைக்குறிப்பைக் காட்ட முடியுமா மிஸ்?" என்று கேளுங்கள். பலர் சேர்ந்து ஒரு கேள்வியைப் பற்றிக் கேட்கும்போது, ஒருவரைக் குறிவைத்துப் பழிவாங்குவது கடினம்.

நான்காம் படி: எழுத்தில் கொடுப்பது

ஆசிரியர் பார்க்க மறுத்தால் தலைமையாசிரியர் அல்லது முதல்வர். அங்கே வாய்வார்த்தை வேண்டாம். நீளமான கடிதமும் வேண்டாம். இந்த அளவு போதும்:

"ஐயா, என் மகள் பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கிறாள். அரையாண்டு அறிவியல் விடைத்தாளில் 29ஆம் வினாவுக்கான விடை கூடுதல் தாளின் இரண்டாம் பக்கத்தில் உள்ளது, அதற்கு மதிப்பெண் இடப்படவில்லை. 33ஆம் வினாவுக்கு உள்ளே 4 என்றும் முகப்பில் 1 என்றும் உள்ளது. பக்கங்களின் நகலை இணைத்துள்ளேன். விடைக்குறிப்புடன் ஒப்பிட்டுப் பார்த்து முடிவை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியரின் குணம், பழைய சண்டை எதையும் இதில் கலக்காதீர்கள். பாகுபாடுதான் காரணம் என்றால் அதைத் தனிக் கடிதமாக, என்ன தேதியில் என்ன சொன்னார், யார் கேட்டார்கள் என்ற விவரத்தோடு எழுதுங்கள்.

பள்ளி அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் சொல்லலாம். மதிப்பெண்ணைக் காட்டி மிரட்டுவது, தொடுவது, தனியாக வரச் சொல்வது என்று போனால் அது மதிப்பெண் பிரச்சினையே கிடையாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு உடனே அழையுங்கள், இந்தப் படிகளில் ஏறிக்கொண்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். கல்லூரி என்றால் உள் புகார் குழு இருக்கிறது, காவல் நிலையமும் இருக்கிறது.

ஐந்தாம் படி: பிளஸ் டூ பொதுத் தேர்வு

இங்கே விதி வேறு, அவகாசம் மிகக் குறைவு. முடிவு வந்த சில நாட்களிலேயே விண்ணப்பிக்கும் தேதி வந்து போய்விடும். முடிவு வரும் வாரத்தில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. பள்ளி மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

கடந்த பல ஆண்டுகளாகத் தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் வைத்திருக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. விடைத்தாள் நகல், மறுகூட்டல் என்ற இரண்டில் தொடக்கத்தில் ஏதாவது ஒன்றைத்தான் கேட்க முடியும். மறுமதிப்பீடு வேண்டுமானால் முதலில் நகல் வாங்கியிருக்க வேண்டும். கட்டணம் குறைவு என்று மறுகூட்டலுக்குப் போய்விட்டால், மறுமதிப்பீட்டுக்கான கதவு மூடிவிடுகிறது. சமீப ஆண்டுகளில் நகலுக்குப் பாடம் ஒன்றுக்கு 275 ரூபாய், மறுகூட்டலுக்கு 205 ரூபாய், உயிரியலுக்கு மட்டும் 305 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 505 ரூபாய் என்று இருந்தது. உங்கள் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் எதுவாக இருந்தாலும் நகலே முதலில் என்பது என் திடமான கருத்து. எழுபது ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காகத் தாளைப் பார்க்கும் வாய்ப்பை விடாதீர்கள்.

நகல் வந்ததும் இரண்டாம் படியில் சொன்னபடி எண்களைச் சரிபாருங்கள். பிறகு அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியரிடமோ, திருத்தும் முகாமுக்குப் போன அனுபவம் உள்ள வேறொரு ஆசிரியரிடமோ காட்டுங்கள். முகாமில் விடைக்குறிப்பு எப்படிப் பின்பற்றப்படும், எந்தப் படிக்கு எவ்வளவு என்பது அவர்களுக்கு அத்துபடி. "இதில் மூன்று வரும்", "இதில் ஒன்றும் வராது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். கூட்டல் தவறு மட்டும் என்றால் மறுகூட்டல். விடைக்கே குறைத்திருந்தாலோ திருத்தாமல் விட்டிருந்தாலோ மறுமதிப்பீடு. மதிப்பெண் மாறிய தேர்வர்களின் பதிவெண் மட்டுமே பட்டியலில் வரும், உங்கள் எண் இல்லை என்றால் மாற்றம் இல்லை என்று பொருள்.

சிபிஎஸ்இயில் 2025 முதல் முறை மாறியிருக்கிறது. அங்கேயும் இப்போது முதலில் நகல், அதைப் பார்த்த பிறகே சரிபார்ப்பு அல்லது மறுமதிப்பீடு. மறுமதிப்பீட்டில் ஒரு மதிப்பெண் குறைந்தாலும் குறைந்ததுதான் இறுதி. பழைய மதிப்பெண்ணுக்குத் திரும்ப முடியாது. தயவுதாட்சண்யமாகக் கூடுதலாகப் போட்ட இடங்கள் நகலில் தெரிந்தால், கூடுவதையும் குறைவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

பிளஸ் டூவில் பாடத்துக்கு 10 மதிப்பெண் அகமதிப்பீடு. வருகை, பள்ளித் தேர்வுகள், ஒப்படைவு, கல்வி இணைச் செயல்பாடுகள் ஆகியவற்றை வைத்துப் போடுவது. முடிவு வந்தபின் இதில் கேட்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஜனவரி, பிப்ரவரியிலேயே, பள்ளி அதை மேலே அனுப்பும் முன், "எனக்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். ஒப்படைவு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.

ஆறாம் படி: கல்லூரி

கல்லூரியில் இன்டர்னலின் பங்கு பெரிது, ஆகவே அதில் அதிகாரமும் பெரிது. மறுமதிப்பீட்டு முறையே கெட்டுப்போகலாம் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. 2017 ஏப்ரல், மே தேர்வுகளுக்கான மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் கூட்டியதாக அண்ணா பல்கலைக்கழக அதிகாரிகள் மேல் 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. அந்த முறை மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். பணம் கொடுத்தால் மார்க் ஏறும் என்று யாராவது வந்தால், போன் எண்ணோடு புகார் கொடுங்கள். நேர்மையாக எழுதி நேர்மையாக விண்ணப்பித்த பிள்ளையின் மதிப்பெண்ணையும் அந்த ஆள் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார்.

இன்டர்னல் விஷயத்தில் உங்களுக்குப் பிடிமானம், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள். வெளிப்படையில்லாத, நியாயமற்ற மதிப்பீட்டு முறையையும் அது குறை என்றே வரையறுக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் மாணவர் பிரதிநிதியும் இடம்பெற வேண்டும். புகார் பெற்ற 15 வேலை நாட்களில் குழு அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லை என்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். துறைத்தலைவரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பதற்குப் பதில், இந்த ஒழுங்குமுறையைக் குறிப்பிட்டு ஒரு பக்க மனு கொடுங்கள்.

ஏழாம் படி: தகவல் உரிமைச் சட்டம், நீதிமன்றம்

திருத்திய விடைத்தாளைப் பார்க்கவும் நகல் வாங்கவும் தேர்வெழுதியவருக்கு உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிபிஎஸ்இக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய்க்கும் இடையிலான வழக்கு அது. திருத்தியவரின் பெயரைத் தர வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்புச் சொல்கிறது, அது நியாயமும்கூட. யுபிஎஸ்சி குடிமைப்பணித் தேர்வு விஷயத்தில் 2018இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. எனவே எல்லாத் தேர்வுக்கும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் மனுவில் 10 ரூபாய் நீதிமன்ற முத்திரை வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஆனால் தாளைக் குறிப்பிட்ட காலம் வரைதான் வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு அழித்துவிடுவார்கள். உரிமை இருந்தும் தாள் இருக்காது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளியின் உள்தேர்வுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது.

நீதிமன்றத்தைக் கடைசிக்கும் கடைசியாக வையுங்கள். விதியில் இடமில்லாதபோது மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018 நீட் தேர்வில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பு பிழையாக இருந்ததற்காக 196 மதிப்பெண் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிழை இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள், மதிப்பெண் கிடைக்கவில்லை. விடைத்தாளே காணவில்லை, ஒரு பகுதி திருத்தப்படவே இல்லை என்பது போன்ற மறுக்க முடியாத விஷயம் இருந்தால் மட்டும் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இதற்கிடையில் பிள்ளை

புகார் நடக்கும் வாரங்களில் வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போய்விடும். அதை வேண்டுமென்றே தடுக்க வேண்டும். மனுவை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், சாப்பாட்டு நேரத்தில் அதைப் பேச வேண்டாம். உறவினர்களுக்கு ஒரே பதில் போதும்: "மறுமதிப்பீடு போட்டிருக்கோம், வந்ததும் சொல்றோம்." தூக்கம் கெட்டு, சாப்பிடாமல், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பது போல ஒரு வார்த்தை வந்தாலும் சும்மா சொல்கிறான் என்று விடாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள். 104, 14416 என்ற உதவி எண்கள் இரண்டிலும் தமிழில் பேசலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

தேர்ச்சி பெறாதவர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருந்தாலும் துணைத்தேர்வுக்கும் உடனே பணம் கட்டிவிட வேண்டும். முடிவுக்காகக் காத்திருந்தால் அந்தத் தேதி போய்விடும், ஓர் ஆண்டு வீணாகும். மறுமதிப்பீட்டில் தேர்ச்சி என்று வந்துவிட்டால் கட்டிய பணம்தான் நஷ்டம். கலந்தாய்வுக்கும் அப்படியே: இருக்கிற மதிப்பெண்ணோடு பதிவு செய்துவிட்டு, மாறிய மதிப்பெண் வந்த அன்றே திருத்திய சான்றோடு சேவை மையத்துக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள். தரவரிசைப் பட்டியல் வெளிவருவதற்கு முன் அது பதிவில் ஏறியிருக்க வேண்டும்.